வீட்டு முயலின் உடல் தூய்மை: உரோமம் முதல் கூண்டுத் தரை வரை

முயல் தன் உடலைத் தானே பேணத் தெரிந்த விலங்கு. விடியற்காலையில் சற்று நேரம் அதன் அருகே அமர்ந்திருந்தால் போதும்: முன்னங்கால்கள் இரண்டையும் நக்கி ஈரமாக்கி, கண்ணுக்கு மேலிருந்து மூக்கு வரை முகத்தைத் துடைக்கும், ஒரு காதை இரு கைகளாலும் கீழே இழுத்து, அடியிலிருந்து நுனி வரை நக்கும், பிறகு உடலை வளைத்து முதுகையும் தொடையையும் ஒழுங்கு செய்யும். இவ்வளவு செய்யும் விலங்குக்கு நாம் செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். உதிரும் உரோமத்தை அதன் வயிற்றுக்குள் போகவிடாமல் எடுப்பது, தேய வழியில்லாத நகங்களை வெட்டுவது, வாய் எட்டாத இடங்களைப் பார்ப்பது, வாழும் இடத்தை உலர்வாக வைப்பது ஆகிய நான்கும் நம் பொறுப்பு. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. முயல் வலியை வெளிக்காட்டாது. பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம் என்பதால், நோயுற்றாலும் கடைசி வரை இயல்பாக இருப்பதுபோலவே உட்கார்ந்திருக்கும். எனவே சீப்பு பிடித்த கைதான் நோயை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

என் வீட்டில் இரண்டு முயல்கள் இருக்கின்றன. செங்கண் கொண்ட வெள்ளை முயல் ஒன்று. கழுத்தைச் சுற்றிச் சிங்கப் பிடரிபோல் முடி வளரும் பழுப்பு நிறப் பெண் முயல் ஒன்று. வெள்ளை முயலின் கண் சிவந்திருப்பதைப் பார்த்து நோய் என்று அஞ்சுபவர்கள் பலர். நிறமி இல்லாததால் வரும் சிவப்பு அது, பிறவி இயல்பு. கண்ணைச் சுற்றிய தோல் வீங்கிச் சிவந்திருந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

குளிப்பாட்டக் கூடாது

இதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. நம் ஊரில் முயல் வாங்குபவர்கள் அன்பின் மிகுதியால் செய்யும் முதல் தவறு, ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவதுதான். என்னுடைய முதல் முயலை வாங்கியபோது, வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுங்கள் என்று கடைக்காரரே சொல்லி அனுப்பினார். அப்படியே செய்தேன். வாளியிலிருந்து எடுத்தபோது அது உடலெங்கும் நடுங்கியது. அன்று இரவு புல்லைத் தொடவில்லை. மறுநாள் மாலைதான் ஒரு கொத்தமல்லித் தண்டை வாயில் வைத்தது. அந்த ஒரு நாளுக்குப் பிறகு நான் எந்த முயலையும் நீரில் இறக்கியதில்லை.

முயலின் உள்ளுரோமம் மிக அடர்த்தியானது. முழுக்க நனைந்தால் தோல் வரை உலரப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் உடற்சூடு குறைந்துவிடும். நீரில் பிடித்து நிறுத்துவதால் ஏற்படும் அச்சமே சில முயல்களைக் கொல்லும் அளவுக்குப் போகும். பதற்றத்தில் பின்னங்கால்களை வேகமாக உதைத்து, இடுப்புப் பகுதியில் முதுகெலும்பை முறித்துக்கொண்ட முயல்களும் உண்டு. முயலின் கால் தசைகள் வலிமையானவை, எலும்புகளோ மிக மெல்லியவை. அதன் வலிமையே அதற்கு எதிரியாகிவிடும் உடலமைப்பு அது. எங்கேனும் அழுக்குப் பட்டிருந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். உடலின் பின்புறத்தைக் கழுவியே ஆக வேண்டிய நிலை சில வேளைகளில் வரும். அதைப் பின்னர் விளக்குகிறேன்.

மடியில் அமர்த்தும் முறை

காதைப் பிடித்துத் தூக்குவதை இன்றும் சந்தைகளில் காண்கிறோம். காது, இரத்த நாளங்களும் நரம்புகளும் நிறைந்த மென்மையான உறுப்பு. உடலின் வெப்பத்தை வெளியேற்றுவதும் அதுவே. உடல் எடை முழுவதையும் அதில் தொங்கவிடுவது கொடிய வலியைத் தரும். ஒரு கையை மார்புக்கு அடியில், முன்னங்கால்களுக்குப் பின்னால் கொடுத்து, மறு கையால் பின்பகுதியைத் தாங்கி, முயலை நம் நெஞ்சோடு அணைத்தவாறு தூக்க வேண்டும். பின்னங்கால்களுக்குப் பிடிமானம் கிடைத்துவிட்டால் அது உதைக்காது.

வேலையைத் தரையில் அமர்ந்தே செய்யுங்கள். மேசையிலிருந்தோ நின்றுகொண்டிருக்கும் நம் கையிலிருந்தோ குதித்தால் எலும்பு முறியும். தரையிலிருந்து குதித்தால் ஒன்றும் ஆகாது. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் முயலின் கால் நிற்காது, ஏனெனில் நாய் பூனைக்கு இருப்பதுபோல் அதன் பாதத்தில் மெத்தை இல்லை, உரோமம் மட்டுமே உண்டு. ஆகவே ஒரு பாயையோ பருத்தித் துண்டையோ விரித்துக்கொள்ளுங்கள். இரவு உணவுக்கு முன், வீடு அமைதியாக இருக்கும் வேளை நல்லது. முதல் வாரம் தடவிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் பாதங்களை மெல்லத் தொட்டு விடுங்கள். அதன் பிறகே கருவி கைக்கு வரட்டும்.

முயலை மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடக்கும். அதை ‘தூங்குகிறது’ என்று படம் எடுத்துப் பகிர்பவர்களும் இருக்கிறார்கள். அது தூக்கம் அன்று. வேட்டை விலங்கிடம் சிக்கியபோது உடல் உறைந்துபோகும் அச்ச நிலை. நகம் வெட்ட வசதியாக இருக்கிறது என்பதற்காக அந்நிலைக்குத் தள்ள வேண்டாம்.

தேவைப்படும் பொருள்கள் அதிகமில்லை: பல் நெருக்கமான ஒரு சீப்பு, ரப்பர் முட்கள் கொண்ட தூரிகை ஒன்று, பூனைகளுக்கான சிறு நகவெட்டி, கைவிளக்கு, இரண்டு பழைய பருத்தித் துண்டுகள், கொஞ்சம் சோளமாவு, பஞ்சு. கம்பி முட்கள் கொண்ட தூரிகையைப் புதியவர்கள் தவிர்ப்பது நலம். முயலின் தோல் மெல்லிய காகிதம் போன்றது. கம்பி அழுத்தினால் கீறிவிடும், சிக்கலைப் பிடித்து இழுத்தால் கிழிந்தேவிடும்.

உரோமம் வாருதல்

குட்டை உரோம முயலுக்குச் சாதாரண நாட்களில் வாரம் ஒருமுறை வாரினால் போதும். நீள உரோமம் கொண்ட அங்கோரா வகைக்கும் பிடரி வளரும் வகைக்கும் நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் வேண்டும். உரோமம் உதிரும் பருவத்தில் எந்த வகையானாலும் தினமும் வார வேண்டும். குளிர்நாடுகளில் இது பருவ மாற்றத்தோடு ஒட்டி வரும். நம் ஊரில் பருவ வேறுபாடு குறைவு என்பதாலும், வீட்டுக்குள் விளக்கொளியில் வாழ்வதாலும், சில முயல்களுக்கு ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்ந்துகொண்டே இருக்கும். நாட்காட்டியை நம்பாமல் விரலை நம்புங்கள்: தொடைப்பகுதியில் இரண்டு விரலால் மெல்ல எடுத்தால் கொத்தாகக் கையோடு வந்தால், உதிர்பருவம் தொடங்கிவிட்டது.

இதில் அக்கறை காட்டுவதற்குக் காரணம் அழகன்று. முயலால் வாந்தி எடுக்க முடியாது. பூனை விழுங்கிய முடியைக் கக்கிவிடும். முயல் விழுங்கியது குடல் வழியாகத்தான் போயாக வேண்டும். வயிறு நிறையப் புல் தின்று, தண்ணீர் குடித்து, ஓடியாடும் முயலுக்கு அந்த முடி புழுக்கையோடு வெளியேறிவிடும். புல் குறைந்து, குடல் அசைவு மந்தமான முயலுக்கு அது உள்ளேயே உலர்ந்து தேங்கும். குடல் அசைவு நின்றுபோவதுதான் வீட்டு முயல்களைப் பறித்துக்கொண்டு போகும் முதன்மையான நோய்நிலை. உதிர்பருவத்தில் புழுக்கைகள் முடியால் கோக்கப்பட்டு மணிமாலைபோல் வந்தால், வாருவதை அதிகப்படுத்தி, புல்லையும் நீரையும் கூட்ட வேண்டும் என்று பொருள்.

வாரும் முறை இது. முதலில் கையை நீரில் லேசாக நனைத்து, உதறிவிட்டு, கழுத்திலிருந்து வால் நோக்கிப் பலமுறை தடவுங்கள். மேலே நிற்கும் முடி கையில் ஒட்டிக்கொள்ளும், பறக்காது. அடுத்து ரப்பர் தூரிகையால் முடி வளரும் திசையிலேயே முதுகையும் விலாவையும் வாருங்கள். பிறகு சீப்பு. தொடையின் பின்பக்கம், வாலின் அடி, காதுகளுக்குப் பின்னால், தாடையின் கீழ், அக்குள் ஆகிய இடங்களில் முடி சிக்கிக்கொள்ளும். சிக்கலைக் கண்டால் அடியில் தோலோடு ஒட்டி இடக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரியுங்கள். பிரியாத முடிச்சைக் கத்தரிக்கோலால் வெட்ட முனைய வேண்டாம். முடியைத் தூக்கிப் பிடிக்கும்போது தோலும் கூடாரம்போல் எழுந்து வந்துவிடும், எது முடி எது தோல் என்று தெரியாமல் வெட்டுப்பட்டுவிடும். முடிச்சுக்கும் தோலுக்கும் இடையில் சீப்பைச் செருகிவைத்து, சீப்பின் மேல்பக்கமாக மட்டும் வெட்டுவது ஓரளவு பாதுகாப்பானது. பெரிய முடிச்சுகளை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

ஒரே அமர்வில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முயல் தலையைத் தரையோடு ஒட்டிப் பற்களை மென்மையாக உரசினால் அதற்குப் பிடித்திருக்கிறது. சத்தமாக நறநறவென்று கடித்தால் அது வலியின் அடையாளம்.

அங்கோரா முயலை வாங்க எண்ணுபவர்களுக்கு ஒரு சொல். அந்த இனம் உரோமத்துக்காகவே மனிதர் வளர்த்தெடுத்தது. ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுவதும் கத்தரித்தாக வேண்டும். சமவெளியின் வெயிலில் அதை வைத்திருப்பது அதற்குத் துன்பம். உதகை, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிக் குளிரில் வாழ ஏற்ற உயிரை மதுரையிலும் வேலூரிலும் மின்விசிறிக்கு அடியில் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நகம் வெட்டுதல்

முயலுக்கு மொத்தம் 18 நகங்கள்: முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு. முன்னங்காலின் ஐந்தாவது நகம் உட்பக்கம் சற்று மேலே, கட்டைவிரல்போல் ஒதுங்கியிருக்கும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மண்ணைத் தோண்டி வாழும்போது நகம் தானே தேயும். வீட்டுத் தரையில் தேயாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து வெட்டுவது வழக்கமாக இருக்கட்டும். நீண்ட நகம் பாதத்தின் சாய்வை மாற்றி, எடையைக் குதிகால் பக்கம் தள்ளும். அங்கே உரோமம் தேய்ந்து, தோல் சிவந்து, கடைசியில் புண்ணாகும். துணியில் மாட்டி நகம் வேரோடு பிய்ந்துவருவதும் உண்டு.

நகத்துக்குள் இரத்த நாளம் ஓடும். வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்புக் கோடாகத் தெளிவாகத் தெரியும். கறுத்த நகத்தில்தான் சிக்கல். கைவிளக்கை நகத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டிப் பிடித்து மேலிருந்து பாருங்கள். உள்ளே ஒரு நிழல் நகத்தின் பாதி வரை வந்து நிற்பது தெரியும். அந்நிழல் முடியும் இடத்திலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தள்ளி வெட்ட வேண்டும். எங்கள் பழுப்பு முயலுக்கு எல்லா நகமும் கறுப்பு. வீட்டில் ஒருவர் விளக்கைப் பிடிக்க, ஒருவர் வெட்ட, ஒரு நாளைக்கு ஒரு கால் என்று நான்கு நாட்களில் முடிக்கிறோம். முயலும் அமைதியாக இருக்கிறது, நமக்கும் கை நடுங்குவதில்லை.

துள்ளும் முயலைத் துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். துண்டை விரித்து, நடுவில் முயலை அமர்த்தி, ஒரு பக்கத்தை மேலே கொண்டுவந்து உடலின் அடியில் செருகி, மறுபக்கத்தையும் அவ்வாறே செய்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். மூக்கு மூடாமலும் மார்பு இறுகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து, பாதத்தின் உரோமத்தைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளினால் நகம் வெளிப்படும். வெட்டுவதற்கு முன் நகவெட்டியால் லேசாக ஓர் அழுத்து அழுத்திப் பாருங்கள். உயிருள்ள பகுதியாக இருந்தால் முயல் காலை இழுக்கும்.

தப்பி இரத்தம் வந்துவிட்டால் பதற வேண்டாம். சிறிது சோளமாவை நகநுனியில் வைத்து, பஞ்சால் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்தினால் நின்றுவிடும். அன்று இரவு சுத்தமான துணிமேல் முயலை விடுங்கள். இரத்தம் தெரிந்தால் உடனே கண்ணில் படும்.

நகம் வெட்டும்போதே பின்னங்காலின் அடியையும் பார்க்க வேண்டும். குதிகாலில் காசளவுக்கு முடி உதிர்ந்து தோல் தெரிந்தால் தரை கடினமாக இருக்கிறது என்று அர்த்தம். தோல் வெடித்தோ, வீங்கியோ, சீழ் வைத்தோ இருந்தால் வீட்டு வைத்தியம் உதவாது.

கண், காது, பல்

கண் ஓரத்தில் காலையில் சிறு பீளை இருப்பது இயல்பு. ஈரப் பஞ்சால் உள்மூலையிலிருந்து வெளியே துடையுங்கள். ஒரு கண் மட்டும் ஓயாமல் நீர் வடித்து, கன்னத்து முடி நனைந்து ஒட்டிக்கிடந்தால், காரணம் பெரும்பாலும் கண்ணில் இல்லை. மேல்தாடைப் பல்லின் வேர் வளர்ந்து கண்ணீர்க் குழாயை அழுத்துவதாக இருக்கலாம். முன்னங்கால்களின் உட்புற முடி சடைபிடித்திருந்தால், அது மூக்கொழுகலைத் துடைத்த தடம்.

காதின் உள்ளே வாரம் ஒருமுறை விளக்கடித்துப் பாருங்கள். வெளிர்நிறமாகச் சற்று மெழுகு இருக்கலாம். பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்கு எழும்பியிருந்தால் அது காது உண்ணியின் வேலை. அந்தப் பொருக்கை நகத்தால் உரிக்கக் கூடாது. அடியில் பச்சைப் புண் இருக்கும். மருந்து கொடுத்தால் தானே உதிரும். பஞ்சுக் குச்சியைக் காதுக்குள் விடும் வழக்கம் அறவே வேண்டாம்.

முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் வாழ்நாள் முழுதும் வளரும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும். அதைத் தேய்ப்பது மரக்கட்டையோ கேரட்டோ அன்று, நாள் முழுதும் மெல்லும் நார்ப்புல்தான். உதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தால், மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று முன்னால் நேராக இறங்கியிருக்க வேண்டும். வளைந்தோ ஒன்றையொன்று தாண்டியோ வளர்ந்திருந்தால் நகவெட்டியால் வெட்ட முனையாதீர்கள். பல் நீளவாக்கில் பிளந்து வேர் வரை சீழ் பிடிக்கும்.

பின்புறம்: அன்றாடம் பார்க்க வேண்டிய இடம்

நான் மிகுந்த நேரம் செலவிடச் சொல்லும் பகுதி இது. முயல் இருவகைப் புழுக்கை போடும். உருண்டையாக, உலர்ந்து, நாரோடு இருப்பது ஒன்று. கருமையாக, மினுமினுப்பாக, சிறு திராட்சைக் குலைபோல் ஒட்டியிருப்பது மற்றொன்று. பெருங்குடலின் முகப்பில் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துத் தயாரித்த சத்து அது. முயல் குனிந்து அதை நேரடியாக வாயில் வாங்கித் தின்றுவிடும். தின்ன வேண்டும்; அதைத் தடுக்கக் கூடாது. ஆரோக்கியமான முயலின் கூண்டில் இந்த மென்புழுக்கையை நாம் பார்க்கவே மாட்டோம். அது உடலில் ஒட்டிக் காய்ந்து, வாலடியில் கட்டியாகத் தொங்கினால் மூன்று காரணங்களைத் தேட வேண்டும்: பிஸ்கட், ரொட்டி, சோறு, பழம், தீவனக் குச்சி ஆகியவை மிகுந்து புல் குறைந்திருக்கலாம், முயல் பருத்துவிட்டதால் குனிய முடியாமல் இருக்கலாம், முதுமையாலோ மூட்டுவலியாலோ பல்வலியாலோ எட்டாமல் போயிருக்கலாம்.

உலர்ந்து ஒட்டியிருந்தால் சோளமாவைத் தூவி விரலால் பொடித்து, சீப்பால் எடுங்கள். முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். மிகுதியாக அப்பிக்கிடந்தால்தான் கழுவ வேண்டும். அகன்ற கிண்ணத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றி, அடியில் துணி விரித்து, முன்னங்கால்களை வெளியே நம் கையில் வைத்துக்கொண்டு, பின்புறத்தை மட்டும் நனையுங்கள். சோப்பு வேண்டாம். ஊறிய பிறகு விரலால் நீக்கி, துண்டால் ஒற்றி ஒற்றி உலர்த்துங்கள். உலர்த்தும் கருவியைப் பயன்படுத்தினால் மிகக் குறைந்த சூட்டில், ஓர் அடிக்கு மேல் தள்ளிப் பிடித்து, உங்கள் கையை நடுவில் வைத்துச் சூட்டைச் சோதித்துக்கொண்டே காட்டுங்கள். தோல் வரை உலர்ந்த பிறகே விட வேண்டும்.

பிறப்புறுப்பின் இரு பக்கமும் முடியில்லாத இரண்டு சிறு மடிப்புகள் இருக்கும். அவை மணச்சுரப்பிகள். அங்கே கருமையான, மெழுகு போன்ற அழுக்கு சேர்ந்து கடுநாற்றம் வீசும். மாதம் ஒருமுறை பஞ்சுக் குச்சியை வெந்நீரில் நனைத்து ஆறவிட்டு, மடிப்பை மெல்ல விரித்து உருட்டியெடுங்கள். காய்ந்திருந்தால் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தொட்டு ஐந்து நிமிடம் விட்டால் இளகிவிடும். ‘முயல் நாறுகிறது’ என்று குறைப்படும் வீடுகளில் பலவற்றில் இந்த மடிப்பும் நனைந்த கூண்டுமே காரணம். முயலின் உரோமத்துக்கு வாடையே இல்லை.

இனி ஈ. சிறுநீரில் நனைந்த அல்லது மலம் ஒட்டிய முடியில் பச்சை நிற ஈக்கள் முட்டையிடும். ஒரே நாளில் அவை பொரித்துப் புழுக்களாகி, உயிருள்ள தோலையே அரிக்கத் தொடங்கும். மேலைநாடுகளில் இது கோடைக்காலக் கவலை. நமக்கு ஆண்டு முழுதும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். வயதான, பருத்த, பின்புறம் அழுக்கான முயல்களை நாளைக்கு இருமுறை வாலைத் தூக்கிப் பாருங்கள். வெண்மையான, அரிசிக் குறுணை போன்ற முட்டைகள் கண்ணில் பட்டால் நெருக்கமான சீப்பால் முழுவதும் எடுங்கள். புழு நெளிவதைக் கண்டால் கண்ணுக்குத் தெரிந்தவற்றை இடுக்கியால் அகற்றியபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முயல் இருக்காது. மாட்டுக்கும் நாய்க்கும் புழு வைத்த புண்ணில் டர்பன்டைன் ஊற்றுவதும், அந்துருண்டையைப் பொடித்து வைப்பதும் நம் ஊர் வழக்கம். முயலுக்கு இவை நஞ்சு.

சொறியும் உண்ணியும்

மூக்கு நுனி, உதடு, காது ஓரம், நகங்களைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் சாம்பல் நிறப் பொருக்கு படிந்து, முயல் ஓயாமல் சொறிந்தால் அது சொறி உண்ணி. கடைகளில் நெருக்கியடித்து வைத்திருந்த குட்டிகளில் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. மனிதத் தோலிலும் சில நாட்கள் அரிப்பை ஏற்படுத்தும். தோளிலும் முதுகிலும் பொடுகுபோல் உதிர்ந்தால் அது வேறுவகை உரோம உண்ணி. வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம்; அதுவும் குழந்தைகளுக்குப் பரவும். தொட்ட பின் கை கழுவும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே கற்பித்துவிடுங்கள்.

மருந்தை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். மருந்து முட்டைகளை அழிக்காது என்பதால், குறித்த நாளில் மறுபடியும் கொடுக்க வேண்டும். முதல் ஊசியில் பொருக்கு உதிர்ந்துவிட்டது என்று நிறுத்தினால் மூன்றே வாரத்தில் திரும்பும். நாய்க்கு வாங்கிவைத்த தெள்ளுப்பூச்சி மருந்தில் மீதம் இருக்கிறது என்று முயலுக்குத் தெளிப்பது பெரும் ஆபத்து. ஃபிப்ரோனில் என்ற மருந்து கலந்தவை முயலின் நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை வரவழைத்துக் கொல்லும். புட்டியின் பின்புறம் இந்தப் பெயர் இருக்கிறதா என்று படியுங்கள். வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பூசியதை முயல் நக்கியே தீரும். எண்ணெய் பட்ட முடி சடையாகி, அடியில் காற்றுப் புகாமல் தோல் வேகும்.

கூண்டும் கழிவுத்தட்டும்

உடல் தூய்மையில் பாதி, தரையின் தூய்மை. கம்பி வலைத் தரையுள்ள கூண்டு கழிவு கீழே விழ வசதியானது. பண்ணைகளில் அதனால்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டு முயல் அதில் நாள் முழுதும் நின்றால் பாதம் புண்ணாகும். ஏற்கெனவே அத்தகைய கூண்டு இருந்தால், பெரும்பகுதியில் மரப்பலகை வைத்து, மேலே மடித்த சணல் சாக்கையோ பருத்தி விரிப்பையோ போடுங்கள்.

முயல் பெரும்பாலும் ஒரே மூலையில் சிறுநீர் கழிக்கும். அந்த மூலையைக் கண்டுபிடித்து, அகன்ற பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைத்து, அடியில் செய்தித்தாள் நான்கைந்து அடுக்கும் மேலே உலர்ந்த வைக்கோலும் பரப்புங்கள். புல்லைத் தட்டின் ஓரத்திலேயே கட்டிவைத்தால், தின்றுகொண்டே அங்கேயே கழிக்கும் பழக்கம் விரைவில் படியும். பூனைகளுக்கு விற்கும், நனைந்தால் கட்டியாகும் களிமண் துகள் வேண்டாம். தின்றால் குடலில் இறுகும். நெடியடிக்கும் மரத்தூளும் வேண்டாம். தட்டை நாள்தோறும் மாற்றி, கூண்டு முழுவதையும் வாரம் ஒருமுறை கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். குனிந்து தரைமட்டத்தில் மூச்சிழுத்துப் பாருங்கள். மூக்கில் காரமாக ஏறினால், முயல் அந்த அம்மோனியாவை இரவு முழுதும் சுவாசித்திருக்கிறது. தும்மலும் சளியும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

தட்டில் படியும் வெண்ணிறக் காரை, சிறுநீரில் வெளியேறும் சுண்ணாம்புச்சத்து. ஃபினாயிலால் அது போகாது. ஃபினாயிலின் நெடி முயலுக்கும் ஆகாது. வெள்ளை வினிகரை ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் உரிந்துவரும். சிறுநீர் மஞ்சளிலிருந்து செங்காவி நிறம் வரை மாறுவது தின்ற கீரையின் நிறமியால்தான். கெட்டியான சுண்ணாம்புக் கரைசல்போல் வந்தாலோ, இரத்தம் திட்டாகத் தெரிந்தாலோ காட்ட வேண்டும். வளர்ந்த முயலுக்குக் குதிரைமசாலை அன்றாட உணவாக்கினால் சுண்ணாம்புச்சத்து மிகும். பெயரிலேயே முயல் இருக்கிறது என்று முயல்மசாலையும் அளவின்றிப் போடுகிறார்கள்; அதுவும் பயறுவகைத் தீவனம்தான். அருகம்புல், கம்பு நேப்பியர் போன்ற புல்வகையே தட்டை நிறைக்கட்டும். மருந்து தெளித்த வரப்பிலிருந்து அறுத்ததாக இருக்கக் கூடாது.

கூண்டுக்கு எறும்பு வந்தால் எறும்புச் சாக்பீஸ் கோடு போடாதீர்கள், அது பூச்சிக்கொல்லி. கூண்டின் கால்களை நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

ஆண் முயல் சுவரெங்கும் சிறுநீரைத் தெளிப்பது அழுக்குப் பழக்கம் அன்று. எல்லை குறிக்கும் இயல்பு. கருத்தடை அறுவை செய்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். பெண் முயலுக்கு அதே அறுவை, வயது ஏறும்போது மிகுதியாக வரும் கருப்பைப் புற்றிலிருந்தும் காக்கும்.

வெயில்

30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் திணறத் தொடங்கும். நம் சித்திரை, வைகாசி எப்படியென்று சொல்ல வேண்டியதில்லை. முயலுக்கு வியர்த்துக் குளிராது. உதிர்ந்த உள்ளுரோமத்தை முழுவதும் வாரி எடுத்துவிடுவதே கோடைக்கான முதல் உதவி. உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். காதின் வெளிப்பக்கத்தை ஈரக்கையால் தடவலாம். வெயிலுக்குக் குளிரட்டும் என்று பனிநீரில் நனைக்கக் கூடாது. வாய் திறந்து மூச்சுவாங்கினாலோ, எச்சில் வடிந்து தளர்ந்து கிடந்தாலோ, காதை ஈரப்படுத்தியபடியே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது

பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் காத்திருக்க நேரமில்லை. நாய், மாடு பார்ப்பவர்கள் எல்லாருக்கும் முயலில் பழக்கம் இருக்காது. நோய் வருவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டு ஒருவரைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லி எழுதும்போது, அது முயலுக்கு வாய்வழி கொடுக்கத் தக்கதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்; அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழி போனால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிருக்கே ஆபத்தாகும். அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போடச் சொன்னால் அதையும் கேளுங்கள். வாந்தி எடுக்காத விலங்குக்கு அது தேவையில்லை, குடலுக்குக் கேடும் கூட.

காற்றோட்டமான கூடையில் அதன் வாடை படிந்த பழைய துண்டை விரித்து, ஒரு கைப்பிடி புல் வையுங்கள். இணை முயல் இருந்தால் அதையும் உடன் கொண்டுசெல்லுங்கள். தனியே போய் வேறு வாடையோடு திரும்பும் முயலை மற்றது தாக்கக்கூடும். கடைசியாகப் போட்ட புழுக்கைகளைச் சிறு உறையில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது தின்றது, எடை எவ்வளவு, எந்த நாளில் நகம் வெட்டினீர்கள், எந்த இடத்தில் சீப்பு பட்டபோது துள்ளியது என்று ஒரு தாளில் எழுதிக் கூடையின் மேலேயே வைத்துவிடுங்கள்.